தற்கொலை முயற்சிக்குப் பின்: காரணத்தை எங்கே தேடுவது, எதை முதலில் சரிசெய்வது

"போனைப் பிடுங்கினாங்க, அதான்." "பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிட்டா, அதான்." மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் ஒருவர் உயிரை விட முயன்று பிழைத்துக்கொண்டால், காரணம் இப்படி ஒரே வரியில் ஊர் முழுக்கச் சுற்றும். அந்த வரியை நம்பினால் என்ன ஆகும்? போனைத் திருப்பிக் கொடுப்பார்கள். மனைவியைச் சமாதானப்படுத்தி அழைத்து வருவார்கள். கோயிலில் ஓர் அர்ச்சனை. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் கலைந்துவிடுவார்கள். ஏடிஎம் கார்டு ஆலோங் (உரிமம் இல்லாத வட்டிக்காரர்) கையில் இருப்பதும், தோட்டம் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதம் அலமாரியில் கிடப்பதும் அப்படியே இருக்கும்.

கோயில் நிர்வாகத்திலோ இளைஞர் மன்றத்திலோ இருந்துகொண்டு முதன்முறையாக இப்படி ஒரு வீட்டுக்குள் நுழைபவருக்கும், அந்த வீட்டாருக்கும் இந்த வழிகாட்டி. நீங்கள் கவுன்சலர் ஆக வேண்டியதில்லை, அந்த வேலைக்கு ஆள் இருக்கிறார்கள். அவர்களால் செய்ய முடியாதது ஒன்று உண்டு: வீட்டுக்குள் வந்து கடிதங்களைப் புரட்டி, எந்தக் கெடு எப்போது முடிகிறது என்று பார்ப்பது. அதை நீங்கள் செய்யலாம்.

இதை வாசிக்கும் நேரத்தில் யாராவது ஆபத்தில் இருந்தால் மேலே வாசிக்காதீர்கள். 999ஐ அழையுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். பேச மட்டும் ஆள் வேண்டும் என்றால் பிஃப்ரண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 (24 மணி நேரம்), சுகாதார அமைச்சின் ஹீல் 15555. எடுத்தவுடன் "தமிழ் பேசுறவங்க இருக்காங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் மலாயில் பேசித் தர ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

1. முதல் நாள்: மருத்துவமனையும் இரண்டு பயங்களும்

பார்க்க நன்றாக இருக்கிறார், வாந்தி எடுத்துவிட்டார், தூங்கினால் சரியாகிவிடும் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். உள்ளுறுப்புப் பாதிப்பு நாள் கழித்தும் தெரியும். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "தவறி விழுந்துட்டார்", "தெரியாம குடிச்சிட்டார்" என்று மறைத்தால் உடம்புக்கு வைத்தியம் நடக்கும், மனநலப் பிரிவுக்குக் கடிதம் போகாது. மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மறுபரிசோதனைத் தேதி இல்லாமல்.

மறைப்பதற்கு இரண்டு பயங்கள் காரணம். முதலாவது போலீஸ். முன்பு தண்டனைச் சட்டம் 309வது பிரிவின்படி தற்கொலை முயற்சி குற்றம், ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். அந்தப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. முயன்றவர் இப்போது குற்றவாளி இல்லை. பிறரைத் தூண்டுவதுதான் குற்றமாக நீடிக்கிறது.

இரண்டாவது பயம் "தஞ்சோங் ரம்புத்தான்", பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர். நம் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது. முயன்றவர் எல்லாரையும் அங்கே அனுப்புவதில்லை. ஈப்போ பொது மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, வீட்டிலிருந்து வந்துபோகும் நோயாளியாகவே சிகிச்சை பெறலாம். இதை வீட்டுப் பெரியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கைநாட்டு வைத்து முன்கூட்டியே டிஸ்சார்ஜ் வாங்கிப் போய்விடுவார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: மைகார்டு (அடையாள அட்டை), வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் அனைத்தும் (பெயர் தெரியாவிட்டால் பாக்கெட்டோடு), ஏற்கெனவே இருக்கும் கிளினிக் அட்டை.

அன்றே செய்ய வேண்டிய இன்னொன்று, எல்லாரும் மறப்பது: வேலையிடத்துக்குத் தகவல். வேலைச் சட்டப்படி எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கிடைத்தாலும் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால் சொல்லாமல் வராதவர் என்றே கணக்கு. காரணம் சொல்ல வேண்டியதில்லை, "மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்" போதும். மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) வாயால் சொல்லி விடாமல் அலுவலகக் கிராணிக்கு (எழுத்தர்) வாட்சாப்பில் அனுப்பி, அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். சாதாரண நோய்விடுப்பு சேவைக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள். மருத்துவமனையில் படுக்க 60 நாள் வரை உண்டு. உயிர் பிழைத்து வந்தவருக்கு வேலை போன கடிதம் காத்திருந்தால், பழைய நெருக்கடியோடு புதிதாக ஒன்றை நாமே சேர்த்த மாதிரி.

2. வீடு திரும்புவதற்கு முன் வீட்டைப் பார்க்கவும்

அவர் படுக்கையில் இருக்கும்போதே ஒருவர் வீட்டுக்குப் போய் வரட்டும். தோட்டத்திலிருந்து போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்த களைக்கொல்லி, பழைய பூச்சிமருந்து, தாத்தாவின் மிச்ச மாத்திரைகள் எல்லாம் வெளியே போக வேண்டும். களைக்கொல்லிக்கு இடம் தோட்டத்துப் பூட்டிய ஸ்டோர், லயன் வீட்டுக் குசினி அல்ல. தேவையான மருந்துகளை ஒரு பெட்டியில் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுங்கள். புதிதாகத் தரும் மனநல மருந்தையும் ஒரு வாரம், இரண்டு வாரம் எனக் கொஞ்சமாகத் தரச் சொல்லி மருந்தகத்தில் கேட்கலாம்.

"வேணும்னு நினைச்சவன் எப்படியும் செய்வான்" என்று யாராவது சொல்வார்கள். உண்மை அதுவல்ல. உந்துதல் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால், கடந்துபோக நேரம் கிடைக்கிறது. இந்தக் கட்டுரையில் உள்ளதிலேயே செலவில்லாததும் அதிகப் பலன் தருவதும் இந்தப் படிதான்.

3. நேராகக் கேளுங்கள்

சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுவார்கள். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. சொல்ல ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும்.

கேட்பவர் யார் என்பது முக்கியம். அப்பாவோ கணவரோ வேண்டாம், பாதி நேரம் நெருக்கடியில் அவர்களுக்கும் பங்கு இருக்கும். மாமாவோ, சித்தியோ, கூட வேலை செய்யும் அண்ணனோ நல்லது. வீட்டுக்கு வெளியே, தனியாக.

"தம்பி, இன்னும் சாகணும்னு தோணுதா?" என்று கேளுங்கள். "அந்த மாதிரி தப்பா எதுவும் நினைக்கலையே?" என்று கேட்டால் வரும் பதில் "இல்ல மாமா" மட்டுமே, கேள்வியிலேயே பதிலைத் திணித்துவிட்டீர்கள். ஆமாம் என்றால்: எப்போதெல்லாம் தோன்றுகிறது, வழி ஏதும் யோசித்து வைத்திருக்கிறாயா? வழியும் நேரமும் சொன்னால் அன்றே திரும்ப அவசரப் பிரிவு.

"பிள்ளைங்க முகத்தைப் பார்த்தியா?", "அம்மா என்ன ஆவாங்க?" இரண்டும் வேண்டாம். தான் எல்லாருக்கும் பாரம் என்று ஏற்கெனவே நம்புகிறவருக்கு அது இன்னொரு மூட்டை. நாக்கு அரித்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள்.

4. ஒரு தாள், மூன்று அடுக்கு

வழிகாட்டியின் முக்கியப் பகுதி இது. ஓர் ஏ4 தாளைக் குறுக்காக மூன்றாகப் பிரியுங்கள்.

மேல் அடுக்கில் கடைசி 48 மணி நேரம். சண்டை, அடி, அவமானம், குடி, வந்த போன். ஊர் சொல்லும் காரணம் இங்கேதான் இருக்கும்.

நடு அடுக்கில் கடைசி ஆறு மாதம். வேலை மாற்றம், சம்பளக் குறைவு, கடன் தவணை, நோய், நீதிமன்றத் தேதி, பிரிவு, மரணம், வீடு மாற்றம். நாள் தெரிந்தால் நாளோடு எழுதுங்கள், குறைந்தது மாதமாவது.

கீழ் அடுக்கில் பல வருடக் கதை. சின்ன வயதில் பட்ட அடி, படிப்பு நின்றது, நீண்ட குடிப்பழக்கம், மனநோய், பிறப்புப் பத்திரம் இல்லாதது, முன்பு செய்த முயற்சி. கடைசியில் சொன்னதை அழுத்திக் கேளுங்கள். மறுபடி நடக்குமா என்பதற்கு முந்தைய முயற்சியே மிக வலுவான அறிகுறி.

ஒரே உட்காரலில் எழுதி முடியாது. மூன்று சந்திப்பு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தாரிடம் தனியாக, அவரிடம் தனியாக. இரண்டு தாளும் ஒத்துப்போகாது. பெரும்பாலும் வீட்டார் மேல் அடுக்கை நிரப்புவார்கள், நடு அடுக்கை அவர்தான் நிரப்புவார். மனைவிக்கே தெரியாத கடன் அங்கேதான் வரும். அதை அவர் அனுமதி இல்லாமல் மனைவியிடம் சொல்லாதீர்கள், ஒரு முறை கசிந்தால் தாள் அதோடு முடிந்தது.

நிரப்பிய பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு கேள்வி: இதற்குக் கெடு தேதி உண்டா? இதை யாராவது மாற்ற முடியுமா? கெடுவும் உண்டு, மாற்றவும் முடியும் என்றால் அதுதான் முதல் வேலை. எது "பெரிய" காரணம் என்று வாதாடிக்கொண்டிருப்பது வீண். காரணம் ஒன்றாக இருப்பதே இல்லை. பல சேர்ந்து மூச்சை அடைக்கும்போது, ஒன்றைத் தளர்த்தினாலும் காற்று வரும்.

கீழ் அடுக்கில், பத்திரம் தவிர, மற்றவை கெடு இல்லாதவை, உங்களால் முடியாதவை. அவற்றை மருத்துவரிடம் விடுங்கள். தாளின் ஒரு நகலை, அவர் சம்மதித்தால், முதல் மனநலச் சந்திப்புக்குக் கொண்டுபோங்கள். நேரம் குறைவாக இருக்கும் கிளினிக்கில் அந்தத் தாள் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

5. அடிக்கடி நடு அடுக்கில் வருபவை

கடன்

முதலில் பட்டியல்: யாரிடம், எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார், மீதி. வங்கி, உரிமம் பெற்ற கடன்காரர், ஆலோங், கூட்டு (சீட்டு) என நான்காகப் பிரியுங்கள். நான்குக்கும் வழி வேறு.

வங்கிக் கடன் என்றால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம், கட்டணம் இல்லை. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கைகள், கடன் கடிதங்கள், மாதச் செலவுக் கணக்கு எடுத்துப் போங்கள். "திவால் ஆக்கிடுவாங்க" என்று நடுங்குபவரிடம் ஒன்று சொல்லுங்கள்: கடன் 1,00,000 ரிங்கிட்டைத் தொட்டால்தான் திவால் வழக்கே போட முடியும். ஐயாயிரம் ரிங்கிட் கிரெடிட் கார்டு பாக்கிக்காகத் தூக்கம் போனவர்கள் உண்டு.

உரிமம் பெற்ற கடன்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது, அடமானக் கடனுக்கு 12. ஒப்பந்த நகலைக் கேளுங்கள்.

ஆலோங் கடனை ஏகேபிகே தீர்க்காது. இங்கேதான் புதிய தொண்டர்கள் தவறு செய்வார்கள்: ஊரில் வசூல் செய்து மொத்தமாகக் கட்டிவிடுவார்கள், அடுத்த மாதம் "பழைய வட்டி" என்று இன்னொரு கணக்கு வரும். செய்ய வேண்டியது வேறு. ஏடிஎம் கார்டு அவர்களிடம் இருந்தால், மைகார்டோடு வங்கிக்குப் போய் அதை நிறுத்திப் புதிய கார்டு வாங்குங்கள், சம்பள நாளுக்கு முன்பே. மைகார்டையே பிடித்து வைத்திருந்தால் அது குற்றம். மிரட்டல் குறுஞ்செய்தி, பெயிண்ட் வீச்சு, சுவரொட்டி எல்லாவற்றையும் படம் எடுத்து போலீஸ் புகார். ஒரு எச்சரிக்கை: கார்டை நிறுத்தியதும் மிரட்டல் கூடும். அந்த வாரம் அவரைத் தனியாக விடாமல், முடிந்தால் வேறு வீட்டில் தங்க வையுங்கள்.

கூட்டில் பணம் போனது என்றால் திரும்பக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கூட்டு நடத்துவது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. நடத்திய அக்காவே முயன்றவராக இருப்பதும் உண்டு. ஏமாந்தவரை விட அவரைச் சுற்றித்தான் ஊர் கூடி நிற்கும்.

வேலையும் லயன் வீடும்

தோட்டத்தில் வேலை போனால் வீடும் சேர்ந்தே போகிறது. அதனால் இந்த வரியைப் பார்த்தவுடன் நாள்காட்டியை எடுங்கள்.

வேலை இழந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் பெர்கெசோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும், பிறகு படிப்படியாகக் குறையும். தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. அதனால் "இந்த வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடு" என்றால் போடக் கூடாது.

நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்றால் தொழில் உறவுத் துறைக்கு முறையீடு. அதற்கும் 60 நாள், ஆனால் அலுவலகம் வேறு. ஒன்றில் மனுக் கொடுத்தால் மற்றதும் ஆயிற்று என்று நினைத்து ஒரு கெடுவைத் தவறவிடுவது வழக்கமான விபத்து.

ஆள்குறைப்பு என்றால், ஓராண்டாவது வேலை செய்தவருக்கு இழப்பீடு உண்டு: இரண்டு ஆண்டுக்குக் கீழ் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு 15 நாள், அதற்கு மேல் 20 நாள். ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார், செலவில்லை. சங்க உறுப்பினர் என்றால் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடமும் போங்கள்.

ஓய்வு பெறுவதால் வேலை முடிந்தால் இந்த இழப்பீடு கிடையாது. 60 வயதில், முப்பது வருடம் இருந்த லயனை விட்டு, மகனின் அடுக்குமாடி வீட்டு ஹாலில் படுக்கப் போகும் அப்பாக்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்கள் சண்டை போட மாட்டார்கள், போன் கேட்டு அடம்பிடிக்க மாட்டார்கள். மேல் அடுக்கே காலியாக இருக்கும். ஆட்டை, கோழியை, மாமரத்தை, கோயில் சாவியை யாரிடம் கொடுத்தார் என்று கேளுங்கள். பதில் அங்கே கிடைக்கும்.

வீட்டுக்குள் அடி

சமாதானப் பேச்சு வேண்டாம். தாலிக்கு மரியாதை என்று திருப்பி அனுப்பும் பெரியவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். சமூகநல இலாகாவில் அவசரப் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், இதற்கு போலீஸ் புகார் முன்நிபந்தனை அல்ல. விண்ணப்பித்த இரண்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும், ஏழு நாள் செல்லும். அந்த ஏழு நாளுக்குள் போலீஸ் புகார் செய்தால் அடுத்த கட்ட இடைக்கால ஆணைக்கு வழி. இரவு நேரமென்றால் தாலியான் காசே உதவி எண் 15999.

பிள்ளைகள்

தேர்வு, காதல், பள்ளியில் கேலி, போனில் பரவிய படம். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு வரும் நாளை நாள்காட்டியில் குறித்து, அன்று பிள்ளை யாரோடு இருக்கும் என்று முன்பே முடிவு செய்யுங்கள். முடிவு வருவதற்கு முன்பே இரண்டாவது வழியை, கோலேஜ் கோமுனிட்டியோ (சமூகக் கல்லூரி) திறன் பயிற்சியோ, விண்ணப்பப் படிவத்தோடு மேசையில் வையுங்கள். சாதி பார்த்துக் காதலைப் பிரித்த வீடுகளில் பெற்றோர் அந்தச் சொல்லையே சொல்ல மாட்டார்கள். "அந்தக் குடும்பம் சரியில்ல" என்பார்கள். புரிந்துகொள்ளுங்கள்.

பத்திரம்

இது கீழ் அடுக்கில் வந்தாலும் நீங்கள் செய்ய வேலை உண்டு. மைகார்டு இல்லாத இளைஞருக்கு வேலை, லைசென்ஸ், வங்கிக் கணக்கு எல்லாமே முட்டுச்சந்து. பதிவு இலாகாவில் இது மாதக்கணக்கில் முடியாது, வருடக்கணக்கு. விரைவில் கிடைக்கும் என்று ஆறுதலுக்காகக்கூடச் சொல்லாதீர்கள். விண்ணப்ப எண்ணை எழுதி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடப் போய் விசாரியுங்கள்.

6. கோப்பும் செலவும்

ஒரு பிளாஸ்டிக் கோப்பு போதும். மைகார்டு நகல், மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாள், சந்திப்பு அட்டை, எம்சி நகல்கள், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலைக் கடிதங்கள், கடன் பட்டியல், புகார் நகல்கள். முன்பக்கத்தில் ஒரே தாளில் கெடு தேதிகள். மூன்று அடுக்குத் தாளை இந்தக் கோப்பில் வைக்காதீர்கள், அது அவருடையது.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்கே வாங்கிய கடிதத்தோடு மருத்துவமனை மனநல நிபுணரைப் பார்த்தால் ஒரு சந்திப்புக்கு 5 ரிங்கிட்டைத் தாண்டாது. அவசரப்பட்டுத் தனியார் கிளினிக்கில் கடிதம் வாங்கினால் முதல் சந்திப்பு 30 ரிங்கிட். மெந்தாரி என்ற சமூக மனநல மையங்களும் உண்டு, மறுபடி வேலையில் சேரவும் அங்கே உதவுவார்கள். உண்மையான செலவு போக்குவரத்துதான். தோட்டத்திலிருந்து ஈப்போ போய் வர ஒரு நாள் சம்பளமும் போகும், வண்டிக் காசும் போகும். மருந்தை விடுவதற்கு இதுவே போதுமான காரணம். கோயில் பணத்தில் எதற்காவது ஒதுக்குவதென்றால் இதற்கு ஒதுக்குங்கள்.

மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதல். "ஒரு வாரமா சாப்பிட்டும் ஒண்ணும் இல்ல" என்று நிறுத்துவதும், நன்றாகிவிட்டது என்று நிறுத்துவதும் ஒரே பிழை.

7. முதல் மூன்று மாதம்

டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரமே மிக ஆபத்தானது, அடுத்த மூன்று மாதமும் கவனம் வேண்டும். ஊர் இதற்கு நேர்மாறாக நடக்கும்: மருத்துவமனையில் இருபது பேர், ஐந்தாம் நாள் யாரும் இல்லை. அதனால் முறை போடுங்கள். முதல் வாரம் தினமும் ஒருவர் நேரில். அடுத்த மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு முறை. பிறகு வாரம் ஒரு முறை, மூன்று மாதம் வரை. போய் அறிவுரை சொல்ல வேண்டாம். டீ குடித்துவிட்டு, மருந்து இருக்கிறதா, அடுத்த சந்திப்பு எப்போது என்று பார்த்துவிட்டு வந்தால் போதும்.

அவரோடு சேர்ந்து ஒரு சின்ன அட்டை எழுதி பர்சில் வையுங்கள். எண்ணம் வரப்போவதற்கு முன் தனக்கு என்ன ஆகும் (தூக்கம் போகும், குடிக்கத் தோன்றும், போனை அணைப்பார்), அப்போது தானே என்ன செய்யலாம், எங்கே போய் யாரோடு உட்காரலாம், யாரிடம் சொல்லலாம், எந்த எண்ணை அழைக்கலாம், வீட்டில் எதைப் பூட்டி வைக்க வேண்டும். அவர் சொல்லிலேயே இருக்கட்டும். "பட்டை (சாராயம்) அடிக்கணும்னு தோணுனா முனியாண்டி கோயில் படிக்கட்டுல உக்காருவேன், சின்ன மாமாவுக்கு போன் அடிப்பேன்" என்று எழுதியிருந்தால் திருத்த வேண்டாம். சின்ன மாமாவிடம் மட்டும் முன்பே சொல்லி வையுங்கள், இரவு போனைச் சத்தமாக வைக்கச் சொல்லி.

சம்பள நாள், கடன் தவணை நாள், நீதிமன்றத் தேதி, இறந்தவரின் திதி, தீபாவளிக்கு முந்தின வாரம். இவற்றை அட்டவணையில் சிவப்பில் குறித்து, அந்த நாள்களுக்கு முறை யார் என்று பெயர் போட்டு, அந்தத் தாளை மூன்று பேர் கையில் கொடுங்கள்.